மணல் வளவுக்குக் கூட்டெருப் பின் சரிவருமா?

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் ஹார்ட்வெயார் கடை வாசல்களில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் கூட்டெருப் பின்னை (bin), அதாவது குசினிக் கழிவை உக்கவைத்துப் பசளையாக்கும் தொட்டியைப் பற்றியது இது. அடி கிடையாது, மேலே மூடி, கீழ்ப்பக்கத்தில் பசளை எடுக்க ஒரு சின்னக் கதவு, சுற்றிவரக் காற்றுத் துளைகள். பொதுவாக 200 முதல் 250 லீற்றர் கொள்ளளவு. இடைக்கிடை உள்ளூராட்சி சபைகள் மானியத்திலும் கொடுப்பதுண்டு. எங்கள் பகுதியில் அப்படிக் கொடுத்த பின்களில் கணிசமானவை இன்று தண்ணீர்த் தொட்டியாகவோ கோழித்தீன் போடும் பீப்பாயாகவோ மாறிவிட்டன. அதற்குக் காரணம் சனத்தின் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போவது லேசு. ஆனால் பாதிக் காரணம் பின்னிலும் மண்ணிலும் இருக்கிறது.

சாமான் நல்லதுதான். ஆனால் அதோடு வரும் துண்டுப்பிரசுரம் சீரான மழையும் கறுத்த மண்ணும் உள்ள ஊருக்கு எழுதியது. இங்கே மாரியில் மூன்று மாதம் கொட்டித் தீர்க்கும், கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மூன்று மாதம் காற்றே அனலாக அடிக்கும். வாங்கியபடியே கொண்டுபோய் வைத்தால் பத்துக்கு ஐந்து புள்ளி. ஒரு டிரில், ஒரு துண்டு வலை, கொஞ்சம் கல்லுமண் செலவழித்தால் எட்டு. இன்னொன்றையும் முதலே சொல்லிவிட வேண்டும்: வாங்கினால் இரண்டு வாங்குங்கள். ஒன்று மட்டும் வாங்குவதற்கு வாங்காமலே விடலாம். ஏன் என்று கணக்கு கீழே.

கடையில் வைத்தே பார்க்க வேண்டியவை சில. சுவரை இரண்டு கையாலும் உள்ளே அமத்திப் பாருங்கள். அமத்தின இடம் மீண்டு வரவேண்டும். அங்கே வெள்ளையாக ஒரு கோடு விழுந்தால் கலப்படம் கூடின சரக்கு என்று சந்தேகப்படலாம், வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். நிறத்தில் கறுப்பே நல்லது. கறுப்பாக்கச் சேர்க்கும் கார்பன் தூள் ஊதாக்கடந்த கதிரைத் தடுப்பதால் பிளாஸ்டிக் நீண்டகாலம் இருக்கும். பச்சை பார்க்க அழகு, ஆனால் வெளிறி விளிம்பில் வெடிக்கத் தொடங்குவது அதுதான். கறுப்பு கூடச் சூடேறும் என்பது உண்மை, நிழலில் வைத்தால் அந்தக் குறையும் தீர்ந்தது.

இந்தப் பின்னின் பலவீனம் கதவு. நிரம்பிய பின்னுக்குள் ஈரத்தோடு நூறு கிலோவுக்கு மேல் பாரம் இருக்கும். அது உள்ளிருந்து தள்ள, மேலே இழுத்துத் திறக்கும் கதவு வளைந்து தவாளிப்பில் இறுகிவிடும். கிளிப் வைத்த கதவென்றால் கிளிப் உடையும். உடைந்த கதவுக்கு இரும்பு ஆணி, ஸ்க்ரூ போட்டால் கடற்காற்றில் கறள் பிடித்து அதுவும் போகும். இரண்டு பக்கமும் துளை போட்டு நைலோன் கயிற்றால் கட்டுவதே நிலைக்கும். உண்மையில் கதவு தேவையே இல்லை. பின் அடியில் அகன்று மேலே ஒடுங்கியிருந்தால், பசளை எடுக்கும் நாளில் இரண்டு பேர் பிடித்து அப்படியே மேலே தூக்கினால் போதும், உள்ளே இருப்பது குவியலாக நிற்கும். ஆகவே கதவு எப்படி இருக்கிறது என்பதை விட, பின் ஒடுங்கும் வடிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நேர் உருளையாக இருப்பதைத் தூக்க முடியாது.

துளைகளும் போதாது. பெரும்பாலான பின்களில் துளைகள் சிறியவை, அதுவும் மேற்பாதியில். நனைந்த இலை ஒன்று ஒட்டினாலே அடைபடும். அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு உயரம் வரை, நாலு அங்குலத்துக்கு ஒன்றாக, ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை இடைவெளியில் விழும்படி 6 மில்லிமீற்றர் பிட்டால் துளைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிதாக்கினால் சுண்டெலிக்கு வாசல் திறந்தமாதிரி. மூடியின் நடுவில் குழிவாக இருந்தால் அங்கேயும் 3 மில்லிமீற்றரில் ஒரு துளை கட்டாயம். மழை விட்ட பிறகு அந்தக் குழியில் அரைக் கோப்பை தண்ணீர் நிற்கும். டெங்கு நுளம்பு முட்டையிட அது தாராளம். வளவு பார்க்க வரும் சுகாதாரப் பரிசோதகர் சிரட்டையையும் டயரையும் தேடுவதுபோல இந்த மூடியையும் தூக்கிப் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும்.

இனிக் கணக்கு. நாலைந்து பேர் சமைத்துச் சாப்பிடும் வீட்டில் நாளொன்றுக்கு ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை உக்கும் கழிவு விழும். அதோடு போடவேண்டிய சருகையும் சேர்த்தால் அள்ளிப்போடும் அளவு நாளுக்கு ஐந்து, ஆறு லீற்றர். சில கிழமைகளில் அது மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும். அப்படிப் பார்த்தால் 200 லீற்றர் பின் நிரம்ப ஏறக்குறைய நாலு மாதம். நிரம்பியதும் புதிதாக எதுவும் போடாமல் இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆற விட்டால்தான் செடிக்குப் போடக்கூடிய பசளை கிடைக்கும். அந்த ஆறும் காலத்தில் அன்றாடக் குப்பையை எங்கே போடுவது? இரண்டாவது பின்னில். ஒரே பின்னோடு காலம் தள்ளுபவர்கள் மேலே போட்டுக்கொண்டே கீழே கதவால் தோண்டுவார்கள், அரைகுறையாக உக்கியதும் முட்டைக்கோதும் கலந்து வரும், இரண்டு தரம் அப்படி வந்தால் பின் கோழித்தீனுக்குப் போய்விடும்.

வைக்கும் இடம்தான் இந்தக் கரையில் எல்லாவற்றிலும் முக்கியம். கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, காரைதீவு எல்லாம் மணல் நிலம். கடலுக்கும் வாவிக்கும், அல்லது கடலுக்கும் வயலுக்கும் நடுவே கிடக்கும் மெல்லிய பட்டி. நன்னீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது, ஆழமில்லாத கிணற்றில் அதைத்தான் அள்ளுகிறோம். மணல் எதையும் பிடித்து வைக்காது. பின்னின் அடியால் கறுப்புத் தண்ணீர் வடிந்தால் அது நேரே அந்தப் படைக்குத்தான் போகும். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே வைக்கச் சொல்லும் ஐம்பதடியை இதற்கும் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் பத்துப் பேர்ச் காணியே ஏறக்குறைய 2,700 சதுர அடிதான், சதுரமாக இருந்தால் பக்கம் 52 அடி. வீடும் கக்கூசும் கிணறும் போக ஐம்பதடிக்கு எங்கே போவது?

அதற்கு இரண்டு வழி. நிலத்தடி நீர் இந்தப் பட்டியின் நடுவிலிருந்து இரண்டு கரைக்கும் மெல்ல நகரும். ஆகையால் கிணற்றை விடக் கரைக்குக் கிட்டிய பக்கத்தில், அதாவது உங்கள் வீடு வாவிப்பக்கமாக இருந்தால் கிணற்றுக்கும் வாவிக்கும் இடையே, கடற்பக்கமாக இருந்தால் கிணற்றுக்கும் கடலுக்கும் இடையே பின்னை வையுங்கள். இரண்டாவது, தண்ணீர் வடியவே விடாதீர்கள். அடியில் நாலு அங்குலத்துக்குத் தும்புத்தூள் பரப்பினால் அது வடிவதைக் குடித்துக்கொள்ளும். பசளை எடுக்கும்போது அந்தத் தும்புத்தூளும் நல்ல பசளையாகவே வரும். செங்கலடி, வவுணதீவு, சம்மாந்துறைப் பக்கத்துக் களிமண் நிலத்தில் பிரச்சினை தலைகீழ்: தண்ணீர் இறங்காமல் பின்னின் காலடியில் தேங்கும். அங்கே தும்புத்தூளுக்குக் கீழே சல்லிக்கல்லோ உடைந்த ஓடோ ஒரு படை வேண்டும்.

மணலோ களியோ, மேட்டில் வையுங்கள். முக்கால் அடி உயரத்துக்கு மண்ணைக் குவித்து, சுற்றிவரப் புளொக் கல் அடுக்கி, அதன்மேல் கால் அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலையை விரித்து, வலைக்கு மேல் பின். கோழிக்கூட்டுக்கு அடிக்கும் அறுகோண வலை இதற்குச் சரிவராது, கண் பெரிது, எலி சுகமாக வரும். இரண்டு பக்கமும் கட்டை அடித்துப் பின்னைக் கயிற்றால் கட்டுங்கள். 2011 ஜனவரி, 2024 நவம்பர் மாதிரியான வெள்ளத்தில் அரைவாசி நிரம்பிய பின் அசைந்து கொடுத்துக் கவிழ்ந்துவிடும். கவிழாமல் தண்ணீர் மட்டும் உள்ளே ஏறினாலும் காற்றில் வாழும் நுண்ணுயிர் செத்து, மூன்றாம் நாள் நாறத் தொடங்கும். தண்ணீர் வற்றியதும் பின்னைத் தூக்கி எடுத்து, குவியலைச் சாக்கில் பரப்பி, உமியோ தும்புத்தூளோ பாதிக்குப் பாதி கலந்து திரும்பப் போட்டால் இரண்டு கிழமையில் சரியாகும். கொட்டிவிடத் தேவையில்லை.

போடும் முறைக்கு வருவோம். துண்டுப்பிரசுரங்கள் எல்லாம் பச்சை, கபிலம் என்று இரண்டு நிறம் சொல்லும். அளவு சொல்லாது. அளவு இதுதான்: குசினிக் கழிவு ஒரு வாளி என்றால் காய்ந்த சருகு இரண்டு முதல் மூன்று வாளி. நிறையில் அல்ல, கொள்ளளவில். உக்கவைக்கும் நுண்ணுயிருக்கு நைதரசன் ஒரு பங்குக்குக் காபன் 25 முதல் 30 பங்கு தேவை. மரக்கறித் தோல், மீன், சோறு எல்லாம் நைதரசன் பக்கம் சாய்ந்தவை. சருகு குறைந்தால் மிஞ்சும் நைதரசன் அமோனியாவாக வெளியே போகும். கண் எரியும் அந்த மணம் பசளையின் சத்து காற்றில் போகிறது என்பதற்கு அடையாளம்.

எங்கள் பக்கத்தில் பின் கெட்டுப்போவது பெரும்பாலும் சருகுப் பஞ்சத்தால்தான். வேடிக்கை என்னவென்றால், அதே வீட்டில் காலையில் முற்றம் கூட்டி, மா இலையையும் வேப்பஞ்சருகையும் குவித்து நெருப்பு வைப்பார்கள். அந்தச் சருகை உரப்பையில் அமத்திக் கட்டி மழை படாத இடத்தில் அடுக்குங்கள். மாரிக்கு முன் எட்டுப் பத்துப் பை கையிருப்பில் இருக்கவேண்டும், ஏனென்றால் மழைநாளில் காய்ந்த சருகு காசு கொடுத்தாலும் கிடைக்காது. வளவில் மரமில்லாதவர்களுக்கு: பெரும்போக அறுவடைக்குப் பின் வயலில் கிடக்கும் வைக்கோல் நல்லது, சாண் நீளத்துக்கு வெட்டிப் போட வேண்டும். ஆலை உமி இலகுவில் உக்காது, ஆனால் ஒட்டிக்கொள்ளும் கழிவுக்கு இடையில் காற்று புக இடம் விடும். கால் பங்குக்கு மேல் வேண்டாம். மரவேலைத் தளத்துத் தூள் என்றால் மருந்தடித்த பலகையின் தூளா என்று கேட்டு வாங்குங்கள். கடற்கரைச் சவுக்குச் சருகு மெழுகுத்தன்மை உள்ளது, தனியே போட்டால் ஆறு மாதமானாலும் ஊசி ஊசியாகவே கிடக்கும். வேறு இலையோடு கலந்து போடலாம். ஆற்றுவாழையை வாவியிலிருந்து அள்ளிவந்து பச்சையாகப் போடுவது பெரிய பிழை. அதில் பெரும்பகுதி தண்ணீர். இரண்டு நாள் வெயிலில் வாடவிட்டு, வேரை வெட்டி எறிந்து, பிறகு போட்டால் அருமையான பொருள்.

முதல் முறை நிரப்பும்போது தும்புத்தூள் படைக்கு மேல் விரல் பருமன் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு சாண் உயரத்துக்கு அடுக்குங்கள். அதுதான் அடிக்காற்று. அதன்மேல் சருகு, அதன்மேல் கரைத்த மாட்டுச்சாணம் ஒரு வாளி. சந்தையில் விற்கும் நுண்ணுயிர்க் கரைசல் போத்தலுக்குச் செலவழிக்க வேண்டாம். சாணமும், பழைய பசளை இரண்டு கைபிடியும், மரத்தடிக் கறுப்பு மண்ணும் அந்த வேலையைச் செய்யும். மணலை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். உக்கவும் உதவாது, பாரம் மட்டும் கூடும். கடற்கரை மணலென்றால் உப்பும் சேரும்.

அன்றாடம் போடும்போது சில சாமான் சண்டித்தனம் செய்யும். பழஞ்சோற்றைக் கட்டியாகக் கொட்டினால் புளித்துக் களியாகி, அதற்குள் காற்றே போகாது. உதிர்த்துப் பரப்ப வேண்டும். பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையும் அப்படித்தான், எண்ணெய்ப் பசையோடு பாய் மாதிரிப் படிந்துவிடும். சருகோடு பிசைந்து போடுங்கள். வாழைத்தண்டைப் பெருவிரல் நீளத்துக்கு வெட்டாவிட்டால் நார்க்கட்டியாகக் கிடந்து கிளறும் கம்பில் சுற்றும். தென்னோலையில் ஈர்க்கை உரித்து எடுத்துவிட்டு ஓலையை மட்டும் போடலாம். பொச்சுமட்டை, சிரட்டை, மாங்கொட்டை, பனங்கொட்டை எதுவும் வேண்டாம், அடுப்புக்குப் போகட்டும். தேயிலைச் சக்கை தாராளம். தேயிலைப் பை என்றால் கிழித்துச் சக்கையை மட்டும், பையில் பிளாஸ்டிக் இழை இருப்பதுண்டு. பத்திரிகைத் தாள் சரி, பளபளக்கும் அட்டை வேண்டாம்.

மீன். மீன் கழிவு போடக்கூடாது என்று எழுதியிருக்கும் துண்டுப்பிரசுரம் இந்தக் கரையில் யாருக்கும் உதவாது. கிழமையில் ஐந்து நாள் மீனோ இறாலோ நண்டோ இல்லாத குசினி இங்கே குறைவு. குப்பை வண்டி வரும்வரை அதைப் பையில் கட்டி வைத்தால் காகமும் நாயும் தெருவுக்கு இழுக்கும். ஆகவே போடலாம், ஆனால் ஒழுங்காக. பின் அரைவாசிக்கு மேல் நிரம்பிய பிறகே தொடங்குங்கள். குவியலின் நடுவில் முழங்கை ஆழத்துக்குக் குழி செய்து, அடியில் இரண்டு கைபிடி தும்புத்தூள் போட்டு, செதிலையும் குடலையும் வைத்து, மேலே கழிவின் மூன்று மடங்கு தும்புத்தூளோ மரத்தூளோ மூடி, அதற்கு மேல் சருகு. ஓரத்தில் வைக்கக்கூடாது. நடுவில்தான் சூடு இருக்கும், மணமும் மேலே வருமுன் வடிபடும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மீன் சேரவேண்டாம். இறால் கோதும் நண்டுக் கோதும் மணப்பது அதில் ஒட்டிய சதையால். அலசி, கல்லில் தட்டி நொறுக்கிப் போட்டால் மணமும் குறையும், உக்கவும் செய்யும். கோது துண்டாகப் பசளையில் மிஞ்சினாலும் குறையில்லை, சுண்ணச்சத்து. கோழிக்கடைக் கழிவு, பெருநாள் குர்பான் அறுப்புக் கழிவு போன்ற பெரிய அளவுக்கு வீட்டுப் பின் ஈடுகொடுக்காது.

மாரியில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஈரம் கூடாமை. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி தெரியலாம், ஒழுகக்கூடாது. ஒழுகினால் சருகும் உமியும் போட்டுக் கிளற வேண்டியதுதான். மூடியைத் திறந்துவைத்து ஈரத்தைப் போக்கலாம் என்று நினைப்பதன் பிழை அடுத்த மழையில் தெரியும். கச்சான் காலத்தில் நேர்மாறு. மேலே பார்த்தால் ஈரம், அரையடிக்குக் கீழே தூள் பறக்கும். கட்டெறும்பு கூடு கட்டியிருந்தால் காய்ந்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். கிழமைக்கு ஒருதரம் அரிசி கழுவின தண்ணீரை ஒரு வாளி, ஒரே இடத்தில் ஊற்றாமல் தெளித்துவிடுங்கள். மீன் கழுவின தண்ணீர் வேண்டாம். கச்சான் காற்றுக்கு மூடி பறந்து அடுத்த வளவில் கிடக்கும். பாரத்துக்குக் கல் வைப்பதை விட இரண்டு காதிலும் கயிறு போட்டுக் கட்டுவது நல்லது, ஏனென்றால் கட்டாக்காலி மாடு கல்லைத் தட்டிவிட்டுத் தலையை உள்ளே விடும். வைக்கும் நிழலுக்கு மா, ஈரப்பலா, வேம்பு எதுவும் சரி. முருங்கை நிழல் நிழலே அல்ல.

கிளறுவது கிழமைக்கு ஒருதரம் போதும். மண்வெட்டி இதற்குள் போகாது. நாலடி இரும்புக் கம்பியின் நுனியைக் கொக்கி மாதிரி வளைத்து, குத்தி, திருகி, மேலே இழுங்கள். மூன்று நாலு இடத்தில் செய்தால் காற்று இறங்கும். வீட்டுப் பின் பெரிய குவியல் மாதிரி 60 பாகை சூடு பிடிக்காது, பருமன் காணாது. ஆகவே களை விதையும் நோய் பிடித்த கத்தரி, மிளகாய்ச் செடியும் அதில் சாகாது. அவற்றைப் போடாதீர்கள்.

அழுகின முட்டை மணம் வந்தால் காற்றுக் குறைவு. அமோனியா மணம் என்றால் சருகுக் குறைவு. மூடியைத் திறந்ததும் சின்ன இலையான் கூட்டமாகக் கிளம்பினால் பழத்தோல் மேலே மூடாமல் கிடக்கிறது. தடித்த, சாம்பல் நிறப் புழு நெளிந்தால் பதறி மருந்தடிக்க வேண்டாம். அது வீட்டுக்குள் வந்து சாப்பாட்டில் குந்தும் இலையான் வகையல்ல, பிளாக் சோல்ஜர் எனப்படும் இலையானின் புழு, கழிவை அசுர வேகத்தில் தின்னும். கோழி வளர்ப்பவர்களுக்கு அது இலவசத் தீன்.

மற்றச் சாமான்களோடு ஒப்பிட்டால்: பாவித்த 200 லீற்றர் நீலப் பரல் மலிவு, பிளாஸ்டிக்கும் தடிப்பு. அடியை வெட்டித் துளை போட்டால் பின்னுக்குக் குறைவில்லாமல் வேலை செய்யும். ஆனால் முன்பு என்ன அடைத்திருந்தது என்று தெரியாத பரலை எடுக்காதீர்கள். நேர் உருளை என்பதால் தூக்கிக் கழற்றவும் முடியாது, கீழே சதுரமாக ஒரு வாய் வெட்டவேண்டும். சீமெந்து வளையம் வெள்ளத்துக்கும் மாட்டுக்கும் அசையாது, ஆயுசுக்கும் இருக்கும். இரண்டு வளையத்துக்கு இடையே கல் வைத்து இரண்டு அங்குலம் இடைவெளி விட்டால் காற்றுக் குறையும் தீரும், வீடு மாறும்போதுதான் தொல்லை. கையால் சுழற்றும் டிரம் விலைக்குப் பெறுமதியில்லை. பாதிக்கு மேல் நிரம்பினால் சுழலாது, கம்பி அச்சு உப்புக்காற்றில் இறுகும். குழி வெட்டிப் போடுவது வளவு பெரிதான உள்ளூருக்குச் சரி, கரையில் அந்தக் குழி மாரியில் கிணறாகிவிடும்.

இந்தப் பின்னைப் பாவிப்பதால் கிடைக்கும் பெரிய லாபம் பசளையல்ல, மிச்சக் குப்பை சுத்தமாவதுதான். ஈரக் கழிவு வெளியே போகாவிட்டால் வண்டி இரண்டு நாள் பிந்தினாலும் வீடு மணக்காது. பிரித்துக் கட்டின பைகளை ஒரே பெட்டியில் ஏற்றும் டிராக்டரைப் பற்றிப் பல ஊரிலும் முறைப்பாடு உண்டு. உங்கள் பையில் ஈரமே இல்லையென்றால் அந்தக் கலப்பால் கெடுவது குறைவு. அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் மேய்வதைப் படத்தில் பார்க்காதவர் இல்லை. எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் அங்கே பிளாஸ்டிக் தின்று செத்ததாக 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. யானை பொலித்தீனைத் தேடி வருவதில்லை, அதில் ஒட்டியிருக்கும் சோற்றுக்கும் கறிக்கும் வருகிறது. லஞ்ச் சீட்டைத் தட்டி, மிச்சத்தைப் பின்னில் கொட்டிவிட்டுப் பையில் போடுவதற்கு எடுக்கும் நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

மிச்சத்தில் போத்தல், மட்டை, பத்திரிகை, இரும்பு, அலுமினியம் எல்லாம் பழைய சாமான் வாங்குபவர் எடுப்பார். மட்டை நனையாமலும், பிளாஸ்டிக் போத்தல் மூடி கழற்றி நசுக்கியும் இருந்தால் பேரம் பேச இடமுண்டு. சஷே பக்கட், ரெஜிபோம் பெட்டி, பம்பர்ஸ் இவற்றை யாரும் வாங்கமாட்டார்கள், அவை சபை வண்டிக்குத்தான். யோகட் கப் கழுவி நாற்றுக்குப் பாவிக்கலாம். பிளாஸ்டிக்கைச் சருகோடு சேர்த்துக் கொளுத்துவது 2017 செப்டெம்பரிலிருந்து சட்டப்படியும் குற்றம்.

பசளை ஆயத்தமா என்று பார்க்க ஒரு பிடியை ஈரத்தோடு பையில் கட்டி ஒரு கிழமை வையுங்கள். திறக்கும்போது மழை பெய்த மண் வாசம் வந்தால் சரி, புளித்த மணம் வந்தால் இன்னும் ஒரு மாதம் ஆறட்டும். அவசரப்பட்டுப் போட்டால், மண்ணிலுள்ள நைதரசனை உக்காத மிச்சம் இழுத்துக்கொள்ள, மிளகாய்க் கன்று மஞ்சளடிக்கும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது சந்தைக்கு வந்த கூட்டெருவில் ஒரு பகுதி இப்படி அரைவேக்காடாகவே இருந்தது, கூட்டெருவுக்குக் கெட்ட பெயர் வந்ததில் அதற்கும் பங்குண்டு. அரை அங்குல வலையில் அரித்து, மேலே நிற்பதை மறுபடி பின்னில் போடுங்கள். நாற்றுப் பைக்கு மண் இரண்டு, பசளை ஒன்று. மணல் வளவில் கத்தரிக்கோ வெண்டிக்கோ குழிக்கு இரண்டு மூன்று கைபிடி, அதற்கு மேல் சருகு மூடாக்கு. மூடாக்கு இல்லாமல் மணலுக்கு மேலே தூவின பசளை முதல் மழையோடு கீழே இறங்கிவிடும்.

வளவே இல்லாத மாடிவீட்டுக்காரருக்கும், சருகுக்கு வழியே இல்லாத நெருக்கமான ஒழுங்கைகளுக்கும் இந்தப் பின்னைச் சிபாரிசு செய்யமாட்டோம். அவர்களுக்கு மூடியுள்ள இரண்டு 20 லீற்றர் வாளியும் ஒரு பை தும்புத்தூளும் போதும், அதில் சேர்வதைப் பின் உள்ள பக்கத்து வீட்டுக்குக் கிழமைக்கு ஒருதரம் கொடுத்துவிடலாம். பக்கத்து வீட்டார் மாட்டேன் என்று சொல்வது குறைவு, தும்புத்தூள் கலந்து வந்தால்.